பெரிய டயர் பறிக்கும் கையிருப்பு: பிக்கப் டிரக்கின் இழுவையும் மைலேஜும்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கும் பலர் முதலில் கை வைப்பது டயரில்தான். 32 அங்குல டயரோடு வந்த வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, 35 அங்குலப் பட்டன் டயரை மாட்டிவிடுகிறார்கள். வண்டிக்குக் கம்பீரம் கூடுகிறது. சேற்றிலும் பாறையிலும் அடி தட்டாமல் போகிறது. கோடை விடுமுறை வந்தால் அதே வண்டியின் பின்னால் குடும்பம் தங்கும் டிரெய்லரையோ படகையோ மாட்டிக்கொண்டு மலைச்சாலை ஏறுகிறார்கள். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எரிபொருள் எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்? இழுக்கும் வலு எவ்வளவு குறையும்?

இரண்டுக்கும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். மைலேஜ் அடியோடு விழுந்துவிட்டது என்பவரும் உண்டு. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பவரும் உண்டு. டயரின் அளவுக் கணக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் மைலேஜ் எண்கள், பெரிய டயரோடு வண்டி விற்கும் நிறுவனங்கள் செய்யும் தேர்வுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. மைலேஜ் இழப்பு உண்மையானது. ஆனால் அது பணம் கொடுத்துத் தீர்க்கக்கூடிய இழப்பு. டிரெய்லர் இழுக்கும்போது குறைவது பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் கையிருப்பு. அதிகம் பேசப்படுவது முதலாவது. அதிகம் கவலைப்பட வேண்டியது இரண்டாவது.

அளவு சொல்லும் கணக்கு

ராம் 1500 வண்டிகளில் பரவலாக வரும் அளவு 275/65R18. அகலம் 275 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ரிம்மின் விட்டம் 18 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 815 மி.மீ., அதாவது 32 அங்குலம். இதற்குப் பதிலாக 35x12.50R18 மாட்டினால் விட்டம் பெயரளவில் 889 மி.மீ. ஆகிறது. 9 சதவீத உயர்வு. முன்பு ஒரு சுற்றுக்கு 2.56 மீட்டர் ஓடிய சக்கரம் இனி 2.79 மீட்டர் ஓடும்.

இந்த 9 சதவீதம் வண்டியின் பல இடங்களில் எதிரொலிக்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். எஞ்சினின் முறுக்குவிசை தரையில் தள்ளுவிசையாக மாறும்போது 8 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். பிரேக்கின் பிடிக்கும் அதே கதி. டயரின் ஆரம் கூடிய அளவுக்கு, ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், வண்டி உயரும். லிஃப்ட் கிட் வைத்தால் அந்த உயரம் தனி.

டயரின் எடையும் கூடுகிறது. சாதாரணச் சாலை டயர் ஒன்று 20 கிலோவுக்கு முன்பின் இருக்கும் இடத்தில், கனரகப் பட்டன் டயர் 30 கிலோவை எளிதில் தாண்டும்.

முதலில் மீட்டரைத் திருத்த வேண்டும்

பெரிய டயர் மாட்டியவுடன் மைலேஜ் சரிந்துவிட்டது என்று வரும் புகாரில் ஒரு பகுதி கணக்குப் பிழை. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றிய எண்ணிக்கையிலிருந்துதான் தூரத்தைக் கணிக்கிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. ஒருவர் உண்மையில் 500 கி.மீ. ஓட்டியிருந்தால் மீட்டர் 458 என்றுதான் காட்டும். 60 லிட்டர் பெட்ரோல் பிடித்திருந்தால் மீட்டரின்படி லிட்டருக்கு 7.6 கி.மீ.; உண்மையில் 8.3. எரிபொருள் சொட்டுகூட அதிகமாகச் செலவாகாத நிலையிலேயே இந்த வித்தியாசம் வந்துவிடுகிறது.

ஆகவே எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் புதிய டயர் அளவை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். டீலரிடம் செய்யலாம், அதற்கென்று விற்கும் கருவிகளும் உண்டு. வெறும் மைலேஜ் கணக்குக்காக மட்டும் சொல்லவில்லை. தானியங்கி கியர்பாக்ஸ் எந்த வேகத்தில் கியர் மாற்றுவது என்பதையும் சக்கர வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 109-இல் ஓடினால், பின்னால் மூன்று டன் டிரெய்லர் இருக்கும் நிலையில் அது சின்ன விஷயம் அல்ல.

எரிபொருள் எங்கே போகிறது

மீட்டரைத் திருத்திய பிறகும் மிஞ்சும் இழப்புக்கு இரண்டு முக்கியக் காரணங்கள்: உருளல் தடை, காற்றுத் தடை.

டயர் உருளும்போது அதன் ரப்பர் நசுங்கி நசுங்கி மீள்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. இதுதான் உருளல் தடை. உருளல் தடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 சதவீதம் மேம்படும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. எதிர்த்திசையிலும் இதே விகிதத்தை எதிர்பார்க்கலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மற்ற எல்லாம் சமமாக இருந்தால், விட்டம் பெரிதாவதால் உருளல் தடை கூடாது. சற்றுக் குறையவே செய்யும். கூட்டுவது டயரின் கட்டுமானம்தான்: தடித்த பக்கச்சுவர், ஆழமான பட்டன்கள், அதிக ரப்பர். சாலை டயரின் பட்டன் ஆழம் 8, 9 மி.மீ. என்றால் சேற்று டயரில் அது 15 மி.மீ. அளவுக்குப் போகும். அத்தனை ரப்பரும் ஒவ்வொரு சுற்றிலும் நெளிகிறது.

இதற்கு நல்ல சான்று ரிவியன் நிறுவனத்தின் மின்சாரப் பிக்கப். 2023 மாடல் ஆர்1டி வண்டியைச் சாலைக்கான 21 அங்குலச் சக்கரங்களோடு சோதித்தபோது, ஒரு முழு சார்ஜுக்கு 328 மைல் என்று சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டது. 20 அங்குல ரிம்மில் ஆல் டெர்ரெயின் டயர் போட்டபோது 289 மைல். இரண்டு டயர்களின் வெளிவிட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஒட்டியது. ஆனாலும் 12 சதவீதம் போய்விட்டது. டயரின் வகையே இவ்வளவு செய்யும்.

அளவு மட்டும் மாறினால்? ஃபோர்டு எஃப்-150 ராப்டரின் 2021 மாடலைப் பார்க்கலாம். 35 அங்குல டயரோடும் கிடைத்தது, 37 அங்குல டயரோடும் கிடைத்தது. எஞ்சின் ஒன்றே. முகமையின் மதிப்பீடு 35 அங்குல வண்டிக்கு நெடுஞ்சாலையில் காலனுக்கு 18 மைல், ஒட்டுமொத்தமாக 16. 37 அங்குல வண்டிக்கு நெடுஞ்சாலையில் 16, ஒட்டுமொத்தமாக 15. இவை முழு எண்களாக்கப்பட்டவை என்பதால் சதவீதத்தை இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஆனாலும் நெடுஞ்சாலையில் அடி பலமாக விழுகிறது என்பது தெளிவு. உயர்ந்த வண்டி, அகன்ற டயர், அடிப்பகுதியில் கூடுதலாகப் புகும் காற்று ஆகியவை வேகம் கூடக்கூட வேலையைக் காட்டுகின்றன.

பரவலாக உலவும் இரண்டு நம்பிக்கைகளையும் இங்கே எடைபோட வேண்டும்.

முதலாவது, சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, உடலில் கூடும் பத்துக் கிலோவுக்குச் சமம் என்பது. இது மிகை. சுழலும் வளையத்தின் எடை, வண்டியை முடுக்கும்போது அதிகபட்சம் இருமடங்காகத்தான் கணக்கில் வரும். நான்கு டயரிலுமாகச் சேர்த்து 50 கிலோ கூடினால் முடுக்கத்தில் அது 100 கிலோவுக்குள் அடங்கும். நகருக்குள் நின்று நின்று ஓட்டுபவருக்கு அது உறைக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது, பெரிய டயரால் எஞ்சின் சுற்று குறைவதால் மைலேஜ் கூடும் என்பது. தட்டையான சாலையில், சுமையில்லாமல், எஞ்சினுக்கு முறுக்குவிசை மிச்சமிருந்தால் இதில் சிறு உண்மை உண்டு. ஆனால் கூடிய தடைகள் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுகின்றன. கொஞ்சம் ஏற்றம் வந்தாலே கியர்பாக்ஸ் ஒரு படி இறங்கிவிடும். குறைந்த சுற்று மீண்டும் ஏறிவிடும்.

டிரெய்லர் மாட்டியதும் கணக்கு மாறுகிறது

2,400 கிலோ எடையுள்ள பிக்கப் ஒன்று சமதளத்தில் மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் போவதாகக் கொள்வோம். வழக்கமான குணகங்களை வைத்துக் கணக்கிட்டால் காற்றுத் தடை சுமார் 700 நியூட்டன், உருளல் தடை சுமார் 240. மொத்தம் 940. பெரிய பட்டன் டயரால் உருளல் தடை 30 சதவீதமும், வண்டி உயர்ந்ததால் காற்றுத் தடை 6 சதவீதமும் கூடியதாக வைத்தால் 110 நியூட்டன் ஏறுகிறது. ஏறக்குறைய 12 சதவீதம்.

அதே வண்டியின் பின்னால் 3,200 கிலோ எடையுள்ள, சுவர்போல் நிமிர்ந்த முகப்புள்ள தங்கும் டிரெய்லரை மாட்டுவோம். காற்றுத் தடை மட்டும் 2,300 நியூட்டனை எட்டும். இரண்டின் உருளல் தடையும் சேர்ந்து மொத்தம் 2,850. டயரால் கூடுவது அதே 110-தான். இப்போது அது 4 சதவீதத்துக்கும் குறைவு.

டிரெய்லர் இழுக்கும்போது எண்ணெய் குடிப்பது டிரெய்லரின் முகப்பு. டயரின் பங்கு சிறிது. இதனால்தான் இழுவையில் பெரிய டயரின் மைலேஜ் வித்தியாசம் தெரியவில்லை என்று சிலர் உண்மையாகவே சொல்கிறார்கள். அவர்கள் கவனித்தது சரி. ஆனால் அதை வைத்து, இழுவைக்குப் பெரிய டயரால் கெடுதல் இல்லை என்ற முடிவுக்கு வருவது தவறு. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது.

தள்ளுவிசையில் ஒரு படி இறக்கம்

ராம் 1500 வண்டிக்கு நிறுவனம் 3.21, 3.55, 3.92 என்று மூன்று ஆக்ஸில் விகிதங்களை (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ்ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) தந்திருக்கிறது. எண் கூடக்கூட இழுவை கூடும். ஒரே எஞ்சினுக்கு 3.21-க்கும் 3.92-க்கும் இடையே நிறுவனம் அறிவிக்கும் இழுவைத் திறன் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசப்படும். அடுத்தடுத்த படிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 10 சதவீதம்.

35 அங்குல டயர் எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அதேதான். 3.92-ஐ 1.09-ஆல் வகுத்தால் சுமார் 3.6. இழுவைக்கென்றே கூடுதல் பணம் கொடுத்து 3.92 ஆக்ஸில் வாங்கியவர், டயர் மாற்றிய அன்றே 3.55 ஆக்ஸில் வாங்கியவரின் நிலைக்கு வந்துவிடுகிறார். 3.55 வைத்திருந்தவர் 3.21-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறார். இழுவைத் திறனில் நிறுவனம் படிப்படியாக விற்றதை டயர் கடையில் ஒரு பிற்பகலில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகத்தான் இதற்குப் பொருள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. மலையேற்றத்துக்குத் தேவையான குதிரைத்திறனை டயரின் விட்டம் மாற்றுவதில்லை. எஞ்சின் சுற்று குறைந்தால் ஒரு கியர் இறக்கிச் சமன் செய்துகொள்ளலாம். 8, 10 வேகக் கியர்பாக்ஸ்களில் படிகள் நெருக்கமாக இருப்பதால் ஓட்டுபவர் இழப்பை உணர்வதே அரிது. பழைய நான்கு வேகக் கியர்பாக்ஸ் வண்டிகளில் இந்த வசதி இல்லை. ஒரு கியரில் திணறும், அடுத்ததில் அலறும்.

ஆனால் முதல் கியருக்குக் கீழே இறங்க இடம் இல்லை. நின்ற இடத்திலிருந்து, ஏற்றத்தில், பாரத்தோடு புறப்படும்போது இழந்த 8 சதவீதத்தை எந்தக் கியரும் திருப்பித் தராது. ரிவர்ஸ் கியரும் அப்படித்தான். படகை இறக்கிவிட்டு வரும் ஈரச் சரிவிலும், மேடான வாசலுக்குள் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போதும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவி நழுவி அந்த எண்ணெயைச் சூடாக்குகிறது. அந்தச் சூடுதான் தானியங்கி கியர்பாக்ஸின் ஆயுளைத் தின்கிறது.

இழுவைத் திறன் என்று நிறுவனம் அச்சிடும் எண் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுத் தரத்தை டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து ஏற்றது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இதன்படி, வண்டி முழுப் பாரத்தோடு மணிக்கு 60 மைல் வேகத்தை 30 விநாடிக்குள் எட்ட வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்று, முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் புறப்பட்டுக் காட்ட வேண்டும். அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில், 11.4 மைல் தூரம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டபடி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். இந்தத் தேர்வில் வென்றது தொழிற்சாலை டயரோடு இருந்த வண்டி. டயரை மாற்றிவிட்டு அந்த எண்ணை மட்டும் அப்படியே நம்புவது, எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்றது.

நிறுத்துவதும் நேராகப் போவதும்

இழுக்க முடியுமா என்று கேட்பவர்கள் நிறுத்த முடியுமா என்று கேட்பது குறைவு. பிரேக் டிஸ்க்கும் கேலிப்பரும் மாறவில்லை. சக்கரத்தின் ஆரம் மட்டும் 9 சதவீதம் நீண்டுவிட்டது. அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை 8 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பெடலை இன்னும் அழுத்திச் சமாளிக்கலாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கொண்டிருக்கும்போது அந்த மிச்சம்தான் தேவைப்படும். எஞ்சினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலமும் ஒவ்வொரு கியரிலும் அதே அளவு குறைகிறது.

பக்கவாட்டு ஆட்டம் இன்னொன்று. 275/65R18 டயரின் பக்கச்சுவர் 179 மி.மீ.; 35 அங்குல டயரில் 216 மி.மீ. உயரமான பக்கச்சுவர் பக்கவாட்டில் அதிகம் நெளியும். அகன்ற இடைவெளியுள்ள பட்டன்களும் வளையும். லாரி ஒன்று கடந்து போகும்போது எழும் காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால், அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய பின் டயர்களே தளர்ந்து கொடுக்கின்றன.

ஹிட்ச் உயரமும் கவனத்துக்குரியது. வண்டி உயர்ந்தால் இணைப்புக் குண்டும் உயரும். டிரெய்லரின் மூக்கு மேல்நோக்கித் தூக்கும். எடை பின் ஆக்ஸிலுக்குச் சாயும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும் என்பது நடைமுறை விதி. மூக்குத் தூக்கினால் அந்த எடை குறைந்து ஆட்டத்துக்கு வழி திறக்கும். தாழ்ந்த ஹிட்ச் போட்டுச் சமன் செய்யலாம். அதன் நீளம் கூடக்கூட இணைப்பில் நெம்பும் விசையும் கூடும்.

பெரியது அதிகம் சுமக்குமா?

பெரிய டயர் அதிகப் பாரம் தாங்கும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீடு வேறு சொல்கிறது. பரவலாகக் கிடைக்கும் இ சுமை வகை 35x12.50R20 டயரின் குறியீடு 121, அதாவது 1,450 கிலோ. தொழிற்சாலை அளவிலேயே வரும் எல்டி275/65R18 (எல்டி என்றால் லைட் டிரக்) இ வகை டயரின் குறியீடு 123, அதாவது 1,550 கிலோ. மூன்று அங்குலம் சிறிய டயர் 100 கிலோ அதிகம் சுமக்கிறது. காரணம், அது 80 பிஎஸ்ஐ வரை காற்றுத் தாங்கும். 35 அங்குல டயர் 65 பிஎஸ்ஐ வரைதான். பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைத்த காற்று.

இதே காரணத்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண்ணும் பெரிய டயருக்குப் பொருந்தாது. எல்டி டயரில் கார் டயருக்குச் சொன்ன அழுத்தத்தை வைத்தால் அது குறைவாகவே சுமக்கும். காற்றழுத்த எச்சரிக்கை விளக்கும் பழைய எண்ணை வைத்தே இயங்கும்; எரியாததால் எல்லாம் சரி என்று ஆகாது. அழுத்தம் குறைந்து, பாரம் கூடி, வெயிலில் சூடேறிய டயர் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா ஒருமுறை கசப்பாகக் கற்றது. டயரின் மேல்பட்டை பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்ததை அடுத்து, 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டயர்களில் தயாரிப்புக் குறையும் இருந்தது. குறைந்த காற்றழுத்தம் அதைப் பெரிதாக்கியது. அந்த ஆண்டே பிறந்த சட்டத்தின் வழியாகத்தான் காற்றழுத்த எச்சரிக்கை புதிய இலகுரக வண்டிகளுக்குக் கட்டாயமானது.

நிறுவனங்கள் செய்வது என்ன?

தொழிற்சாலையிலிருந்தே 35 அங்குலத்தோடு வண்டிகள் வருகின்றனவே என்று கேட்கலாம். அவற்றைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதமே உறுதிப்படுகிறது. சாதாரண எஃப்-150 வண்டிக்கு 3.73 வரை ஆக்ஸில் தரும் ஃபோர்டு, ராப்டருக்கு 4.10 வைக்கிறது. டயர் எடுத்துக்கொள்வதை ஆக்ஸிலில் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்படியும் 2021 எஃப்-150 அதிகபட்சம் 14,000 பவுண்டு இழுக்கும் என்று அறிவித்த நிறுவனம், ராப்டருக்கு 8,200 பவுண்டு என்றுதான் சொன்னது. ராமின் 2021 டிஆர்எக்ஸ் வண்டிக்கு 702 குதிரைத்திறன் இருந்தும் இழுவைத் திறன் 8,100 பவுண்டாகத்தான் இருந்தது.

இந்தச் சரிவு முழுவதையும் டயரின் கணக்கில் எழுத முடியாது. மண்ணில் பறக்கச் செய்த மென்மையான சஸ்பென்ஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பாடம் ஒன்றுதான். டயர், ஆக்ஸில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டின் எல்லையே இழுவைத் திறன். பொறியாளர்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் எண்ணைக் குறைத்து அச்சிடுகிறார்கள். டயரை மட்டும் மாற்றியவர் பழைய எண்ணையே நம்பி ஓட்டுகிறார்.

என்ன செய்யலாம்?

டிரெய்லர் இழுப்பதே முதன்மை வேலை என்றால் அளவை மாற்றாமல் எல்டி டயருக்குப் போவதே சிறந்த வழி. பாரம் தாங்கும் வலு கூடும், பக்கச்சுவர் இறுகும், மீட்டரும் கியரும் அப்படியே இருக்கும். மைலேஜில் கொஞ்சம் போகும்; கிடைப்பதற்கு அது நியாயமான விலை.

மண்பாதைக்கும் போக வேண்டும், டிரெய்லரும் இழுக்க வேண்டும் என்பவருக்கு ஓர் அங்குலம் கூடிய ஆல் டெர்ரெயின் டயர் போதும். விட்டத்தின் உயர்வு 3, 4 சதவீதத்துக்குள் நின்றால் நவீன கியர்பாக்ஸ் சமாளித்துக்கொள்ளும்.

35 அங்குலம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர் முன்னும் பின்னும் ஆக்ஸில் விகிதத்தை நிர்ணயிக்கும் கிரவுன்-பினியனை மாற்ற வேண்டும். 3.73 வைத்திருந்தால் 4.10 போடும்போது பழைய இழுவை ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைக்கும். செலவு ஆயிரக்கணக்கான டாலர். அந்தச் செலவையும் டயரின் விலையோடு சேர்த்தே தொடக்கத்தில் கணக்கிட வேண்டும். கணினியில் அளவைப் பதிவது, ஹிட்ச்சைத் தாழ்த்துவது, டிரெய்லர் பிரேக்கைச் சரிபார்ப்பது, டயரின் சுமை அட்டவணைப்படி காற்றடிப்பது ஆகியவை இதோடு சேர்ந்தவை. கிரவுன்-பினியன் மாற்றினாலும் பிரேக்கும் பக்கவாட்டு ஆட்டமும் சரியாகிவிடாது என்பதால், அச்சிட்ட இழுவை எண்ணிலிருந்து கணிசமாகக் குறைத்தே பாரம் ஏற்ற வேண்டும்.

பெரிய டயர் மாட்டுவது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பாறைப் பாதையில் அது செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது. ஆனால் டயர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதல்ல. என் டிரெய்லரோடு, என் குடும்பத்தோடு, நீண்ட இறக்கத்தில் இந்த வண்டி முன்புபோல் நிற்குமா என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால், பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது டயரைக் குறைக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் கியருக்கும் பிரேக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்கட்டும்.